முதல் ரஷ்ய நாவல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரிய ரஷ்ய நாவலைக் கையில் எடுத்தவர்கள் எந்த இடத்தில் அதைக் கீழே வைத்தார்கள் என்று எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்தில் அருமனை தொடங்கி ஆரல்வாய்மொழி வரை பல ஊர்களிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். படிக்கப் போகிறவர்களுக்கு முடிவைச் சொல்லிவிடாமல் பதில் எழுதியிருக்கிறோம்.

மகன் பிறந்தநாளுக்கு டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' வாங்கித் தந்தான். முதல் நாற்பது பக்கமும் ஒரே விருந்து. யார் யாரோ வருகிறார்கள், நெப்போலியனைத் திட்டுகிறார்கள், போகிறார்கள். இதை மூடிவைத்துவிட்டு வேறு நாவலில் தொடங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை

மூட வேண்டாம் டீச்சர். அந்த விருந்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. 1805 ஜூலை மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் அன்னா பாவ்லொவ்னா ஷெரர் என்ற சீமாட்டியின் வீட்டில் நடக்கும் மாலைக் கூட்டம் அது. வருகிற எல்லாரையும் நினைவில் வைக்கப் பார்ப்பதால்தான் களைத்துப் போகிறோம். மூன்று பேரைப் பிடித்துக்கொண்டால் போதும். கண்ணாடி போட்ட பருமனான இளைஞர் பியேர், சலிப்போடு உட்கார்ந்திருக்கும் ஆந்திரேய் போல்கோன்ஸ்கி, காரியவாதியான வாசிலி குராகின். மற்றவர்களின் பேச்சைப் பக்கத்து மேசைச் சத்தமாக விட்டுவிடுங்கள். வேண்டியவர்கள் திரும்ப வருவார்கள்.

ஏழாவது அத்தியாயத்தில், சில பதிப்புகளில் பத்தாவதில், கதை மாஸ்கோவுக்குப் போகிறது. அங்கே ரஸ்தோவ் வீட்டில் பெயர்நாள் கொண்டாட்டம். பதின்மூன்று வயது நதாஷா கூடத்துக்குள் ஓடி வருகிற இடம் வரை படித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மூடிவைக்கலாம்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எடுப்பதே நல்லது என்போம். ஒரே நகரம். பின்னுரை நீங்கலாகக் கதை நடப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். முக்கியமான ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்குள் அடங்குவார்கள். தலைப்பில் உள்ள குற்றம் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே நடந்துவிடும், எனவே எதற்காகப் படிக்கிறோம் என்ற சந்தேகம் வராது. இதிலும் இரண்டு மேடு உண்டு. இரண்டாவது அத்தியாயத்தில் மதுக்கடையில் ஒருவர் நிறுத்தாமல் தன் கதையைச் சொல்கிறார், மூன்றாவதில் தாயின் நீண்ட கடிதம் வருகிறது. இவை இரண்டையும் தாண்டியவர்கள் அநேகமாகக் கடைசிப் பக்கம் வரை போய்விடுகிறார்கள்.

அடுத்தது டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. அதற்கும் அடுத்ததாகத்தான் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்'. அவ்வளவு பெரிய புத்தகமே பயமாக இருக்கிறது என்று எழுதியவர்களுக்கு ஒரு வழி: தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. இரண்டு மாலையில் முடித்துவிடலாம். அந்தக் குரல் பிடித்திருந்தால் பெரிய நாவலுக்குப் போங்கள்.

பெயர்கள்தான் பிரச்சினை. 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ஒரே ஆளை ஒரு பக்கத்தில் ரோதியோன் ரொமானொவிச் என்கிறார்கள், அடுத்த பக்கத்தில் ரஸ்கோல்நிகோவ், அதற்கும் அடுத்த பக்கத்தில் ரோத்யா. மூன்று பேர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.
– கல்லூரி மாணவி, கருங்கல்

இதே கேள்வியைக் கேட்டு வந்த கடிதங்களை அடுக்கினால் அதுவே ஒரு ரஷ்ய நாவல் கனம் வரும். ஆனால் இந்த முறை நமக்குப் புதிதல்ல. நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுகிறோம், அவர்கள் அப்பா பெயரை முழுதாக விரித்துப் பெயருக்குப் பின்னால் போடுகிறார்கள். அதோடு குடும்பப் பெயர் ஒன்றும் சேர்கிறது.

ரோதியோன் என்பது சொந்தப் பெயர். ரொமானொவிச் என்றால் ரொமானின் மகன். ரஸ்கோல்நிகோவ் குடும்பப் பெயர். அவருடைய தங்கை அவ்தோத்யா ரொமானொவ்னா ரஸ்கோல்நிகோவா. ஆணுக்கு 'ஒவிச்', 'எவிச்' என்று முடியும் தந்தைவழிப் பெயர் பெண்ணுக்கு 'ஒவ்னா', 'எவ்னா' ஆகும். குடும்பப் பெயரும் பெண்ணுக்கு 'ஆ' சேர்த்து நீளும். கரீனினின் மனைவி கரீனினா, போல்கோன்ஸ்கியின் மகள் போல்கோன்ஸ்கயா. ஆக, ஒரே தந்தைவழிப் பெயர் இருவருக்கு இருந்தால் அவர்கள் உடன்பிறந்தவர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

யார் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதும் கதையில் ஒரு தகவல்தான். சொந்தப் பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்து அழைத்தால் மரியாதை, கொஞ்சம் தூரம். செல்லப்பெயர் என்றால் வீட்டு மனிதர், நண்பர், காதலர். குடும்பப் பெயரை மட்டும் சொன்னால் அலுவலக, பட்டாளத் தோரணை. நேற்றுவரை தந்தைவழிப் பெயரோடு கூப்பிட்டவர் இன்று செல்லப்பெயருக்கு இறங்கினால், இருவருக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

செல்லப்பெயர்களில் ஊகிக்க முடியாதவை சில உண்டு. அலெக்சேய் அல்யோஷா ஆவார், திமீத்ரி மீத்யா, இவான் வான்யா, அலெக்சாந்தர் சாஷா, பியோத்தர் பெத்யா. பெண்களில் சோஃபியா சோன்யா, நதால்யா நதாஷா, மரியா மாஷா, அவ்தோத்யா தூன்யா, அக்ராஃபெனா குருஷெங்கா.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் மடித்துப் புத்தகத்தில் அடையாளமாகச் செருகிக்கொள்ளுங்கள். நான்கு பத்தி போடுங்கள்: குடும்பப் பெயர், சொந்தப் பெயரும் தந்தைவழிப் பெயரும், செல்லப்பெயர், யாருக்கு என்ன உறவு. ஒருவர் முதல்முறை வரும்போது எழுத வேண்டாம், இரண்டாவது முறை வந்தால் எழுதுங்கள். ஒருமுறை வந்து மறைகிறவர்களையெல்லாம் எழுதத் தொடங்கினால் ஐம்பதாம் பக்கத்தில் தாள் நிரம்பிவிடும், அலுத்துப்போய்த் தாளையும் புத்தகத்தையும் ஒன்றாக மூடிவிடுவீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடியில் இரண்டு வரி காலியாக விடுங்கள். 'போரும் அமைதியும்' என்றால் பெசுகோவ், போல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின், துருபெத்ஸ்கோய் என்று ஐந்து கட்டம் போட்டால் போதும், முக்கால்வாசிக் கதை அதற்குள் வந்துவிடும்.

இணையத்தில் தயாராகக் கிடைக்கும் குடும்ப மரத்தை மட்டும் பார்க்காதீர்கள். யார் யாரைக் கட்டிக்கொள்கிறார், யார் எந்த ஆண்டு சாகிறார் எல்லாம் அதில் போட்டிருக்கும்.

ஒரே பெயரில் இருவர் வரும் இடங்களையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். 'அன்னா கரீனினா'வில் கணவர் அலெக்சேய் அலெக்சாந்திரொவிச், பட்டாள அதிகாரி விரான்ஸ்கி அலெக்சேய் கிரில்லொவிச். இரண்டு பேருமே அலெக்சேய் என்பதை டால்ஸ்டாய் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். 'போரும் அமைதியும்' நாவலில் ரஸ்தோவ் வீட்டு இளைஞரும் நிக்கொலாய், போல்கோன்ஸ்கி வீட்டுக் கிழவரும் நிக்கொலாய்.

இத்தனை இளவரசர்கள் இருக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் அப்பா ராஜா யார்?
– தையற்கடைக்காரர், இரணியல்

யாரும் இல்லை. மூலத்தில் உள்ள 'கினியாஸ்' என்பது பரம்பரைப் பிரபுப் பட்டம். அரசரின் மகன் என்று பொருள் இல்லை. மொழிபெயர்ப்பில் இளவரசர் என்று வந்துவிட்டது. பட்டம் இருந்தும் கடனில் மூழ்கியவர்கள் இந்த நாவல்களில் ஏராளம். அரசாங்க உத்தியோகத் தரம் வேறு கணக்கு. மகா பீட்டர் 1722ல் கொண்டுவந்த பட்டியலில் மொத்தம் 14 படிகள், எண் குறையக் குறைய அந்தஸ்து கூடும். ரஸ்கோல்நிகோவ் மதுக்கடையில் சந்திக்கும் மர்மெலாதோவ் ஒன்பதாம் படி. அந்த ஆள் தன் பதவியின் பெயரை அவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் உள்ள பரிதாபம் இது தெரிந்தால்தான் உறைக்கும்.

எனக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் படிக்க வரும், ஆங்கிலமும் சுமாராக வரும். எதில் படிப்பது? என்னிடமுள்ள பழைய பிரதி சுருக்கப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வழக்கறிஞர், களியக்காவிளை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். பக்க எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எழுத்தின் அளவைப் பொறுத்து அது மாறும். பாகங்களை எண்ணுங்கள். 'குற்றமும் தண்டனையும்' 6 பாகமும் பின்னுரையுமாக மொத்தம் 41 அத்தியாயம். 'அன்னா கரீனினா' 8 பாகம், 239 அத்தியாயம். 'கரமாஸவ் சகோதரர்கள்' 4 பாகத்துக்குள் 12 நூல்கள், பின்னுரை தனி. 'போரும் அமைதியும்' 15 பாகம், அதன்பின் இரண்டு பகுதியாகப் பின்னுரை, எல்லாம் சேர்த்து 361 அத்தியாயம். இதில் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மூன்று நான்கு அத்தியாயம் கூடக்குறைய இருக்கலாம். முதல் பாகத்தைச் சிலர் 25 ஆகவும் சிலர் 28 ஆகவும் பிரித்திருக்கிறார்கள். அதைவிட அதிகமாகக் குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. 'அன்னா கரீனினா' ஏழு பாகத்தோடு முடிந்திருந்தாலும் அப்படித்தான்.

மொழியைப் பொறுத்தவரை, வீட்டில் எதில் யோசிக்கிறீர்களோ அதில் படியுங்கள். ரஷ்ய மொழியில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. இரண்டு பேர் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு மாறும் இடம் அந்த நாவல்களில் பெரிய நிகழ்ச்சி. ஆங்கிலத்தில் அது கரைந்துபோகும், தமிழிலும் மலையாளத்திலும் நிற்கும். தமிழில் 'குற்றமும் தண்டனையும்' எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பிலும், 'அன்னா கரீனினா' நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பிலும், 'கரமாஸவ் சகோதரர்கள்' புவியரசு மொழிபெயர்ப்பிலும், 'போரும் அமைதியும்' டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பிலும் வந்திருக்கின்றன. தஸ்தயேவ்ஸ்கியை மலையாளத்தில் படிப்பதானால் என்.கே. தாமோதரன் பெயரைப் பார்த்து எடுங்கள். ஆங்கிலத்தில் கான்ஸ்டன்ஸ் கார்னெட், லூயிஸ் - ஆல்மர் மாட் தம்பதி ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் காப்புரிமை தீர்ந்தவை, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாட் தம்பதி டால்ஸ்டாயோடு நேரில் பழகியவர்கள். தமிழ்ப் பிரதியில் ஒரு பத்தி மட்டும் சிக்கினால் அதே அத்தியாயத்தை அங்கே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் படிப்பது ஆராய்ச்சிக்கு ஆகும், முதல் வாசிப்புக்கு ஆகாது.

எனக்குப் பால்வெட்டு வேலை. விடியக்காலம் வெட்டு முடிஞ்சு, பால் எடுக்கப் போற வரைக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்த வச்சு இவ்வளவு பெரிய புத்தகம் தீருமா? ஒரு நாளைக்கு எத்தன பக்கம் படிக்கணும்?
– ரப்பர் தோட்டத் தொழிலாளி, குலசேகரம்

தீரும் அண்ணே. முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். முதல் ஐம்பது பக்கத்தை வைத்து அளக்காதீர்கள், பெயர் பழகும் வரை யாரும் மெதுவாகத்தான் போவார்கள். ஐம்பதுக்குப் பிறகு பத்துப் பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 25 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 800 பக்கத்துக்கு 2000 நிமிடம், அதாவது 33 மணி நேரச் சொச்சம். தினம் 40 நிமிடம் கிடைத்தால் 50 நாளில் முடியும். மழையில் வெட்டு நின்றுபோகும் நாட்கள் கூடுதல் வரவு.

ஆனால் பக்கக் கணக்கை விட அத்தியாயக் கணக்குத்தான் நல்லது. துண்டு துண்டாக நேரம் கிடைக்கிறவர்களுக்கு டால்ஸ்டாய் தோதானவர். அவருடைய அத்தியாயங்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு பக்கம். இரண்டு அத்தியாயம் முடித்துவிட்டு நிம்மதியாகப் பால் எடுக்கப் போகலாம். தஸ்தயேவ்ஸ்கியின் அத்தியாயம் பத்து, பதினைந்து, சில இடத்தில் இருபதுக்கும் மேல் போகும். அதில் ஆட்கள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள், நடுவில் நிறுத்தினால் மறுநாள் அந்தச் சூடு வராது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அவரை வைத்துக்கொள்ளுங்கள். 'போரும் அமைதியும்' என்றால் தினம் நான்கு அத்தியாயம், மூன்று மாதம். தினம் ஒன்றே ஒன்று என்றால் ஒரு வருடம். ஒரு வருடம் எடுத்தால் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இவை பத்திரிகையில் தொடராக வந்த கதைகள். மாஸ்கோவிலிருந்து வந்த 'ருஸ்கி வெஸ்த்னிக்' என்ற மாத இதழில் 'குற்றமும் தண்டனையும்' 1866ல் தொடராக ஓடியது. அதே ஆண்டு அதே இதழில் 'போரும் அமைதியும்' நாவலின் தொடக்கப் பகுதியும் '1805' என்ற தலைப்பில் வந்துகொண்டிருந்தது. 'அன்னா கரீனினா'வின் முதல் ஏழு பாகம் 1875 முதல் 1877 வரையிலும், 'கரமாஸவ் சகோதரர்கள்' 1879, 1880லும் அங்கேதான் வெளிவந்தன. அன்றைய வாசகர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து படித்ததை நாம் இரண்டு வாரத்தில் தீர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிறுத்துவதாக இருந்தால் பாகத்தின் முடிவில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், கடைசியாகப் படித்த அத்தியாயத்தையும் பெயர்த் தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடருங்கள். முதலிலிருந்து மறுபடி தொடங்காதீர்கள். புத்தகம் தீராமல் போவதற்கு அதைப்போல வேறு காரணம் இல்லை. முதல் நூறு பக்கத்தை மட்டும் நாலு தடவை படித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

எவற்றைத் தாண்டிப் போகலாம்? போர், விவசாயம், தத்துவம் என்று வரும்போது கை தானாகப் பக்கத்தைப் புரட்டுகிறது.
– வங்கி ஊழியர், நாகர்கோவில்

மூன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

போரைத் தாண்டினால் 'போரும் அமைதியும்' புரியாது. ஆந்திரேய் ஆளே மாறுவது 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில்தான். அதற்கு முன் ஷோன்கிராபர்னில் துஷின் என்ற சாதாரணப் பீரங்கிப் படைத் தலைவர் வருவார், அவரைத் தவறவிடுவது பெரிய நஷ்டம். போர்க்களத்தில் எந்தப் படை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் குழம்பினால் கவலை வேண்டாம். களத்தில் நிற்கிறவர்களுக்கும் அது தெரிவதில்லை என்பதுதான் டால்ஸ்டாயின் வாதமே. 15 பாகத்தையும் நான்கு தொகுதியாகப் பிரித்திருப்பார்கள், 1812ன் பொரோதினோ போர் அதில் மூன்றாம் தொகுதியில் வருகிறது. அதில் ஒரு பகுதியைப் பியேர் கண்ணால் பார்க்கிறோம், அவருக்கோ போரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வரலாறு எதனால் நகர்கிறது என்று அவர் நேரடியாக விவாதிக்கும் அத்தியாயங்கள் மூன்றாம் தொகுதியிலிருந்து கூடும். ஒவ்வொன்றும் சில பக்கம்தான், வேகமாகப் படித்துவிடலாம். இரண்டாவது பின்னுரை 12 அத்தியாயமும் முழுக்க முழுக்கக் கட்டுரை, ஒரு கதாபாத்திரம்கூட வராது. முதல் வாசிப்பில் அதை விட்டுவிட்டாலும் நாவலைப் படித்து முடித்தவர்தான் நீங்கள். முதல் பின்னுரையை மட்டும் விடக் கூடாது, குடும்பங்களின் கதை அங்கேதான் முடிகிறது.

'அன்னா கரீனினா'வில் லெவின் என்ற நிலக்கிழார் கூலியாட்களோடு சேர்ந்து புல் அறுக்கும் இடம் மூன்றாம் பாகம் நான்காம், ஐந்தாம் அத்தியாயம். வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். ஆறாம் பாகத்தில் வரும் பிரபுக்கள் தேர்தலை வேண்டுமானால் ஓட்டமாகப் படியுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அன்னா முதல் பாகத்தின் பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் ரயிலிலிருந்து இறங்குகிறாள். தலைப்பில் உள்ளவளைக் காணோமே என்று பதினைந்தில் நிறுத்தியவர்கள் உண்டு.

குருமடத்தில் படித்தவன் நான். 'கரமாஸவ் சகோதரர்க'ளில் வரும் சோசிமாவிடம் ஜனங்கள் இப்படி வந்து விழுகிறார்களே, அவர் ஆயரா, மடத்துத் தலைவரா? 'மகா விசாரணையாளர்' பகுதி கத்தோலிக்கரைத் தாக்குகிறதா?
– குளச்சல் வாசகர்

ஆயரும் இல்லை, மடத் தலைவரும் இல்லை. துறவி, குருப்பட்டமும் பெற்றவர். ஆனால் அவருடைய அதிகாரம் பட்டத்தால் வந்ததல்ல. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மடங்களில் 'ஸ்தாரெத்ஸ்' என்று ஒரு மரபு உண்டு. அனுபவம் முதிர்ந்த துறவியிடம் சீடன் தன் சித்தத்தையே ஒப்படைத்துவிடுவான். அந்த முதியவரை யாரும் நியமிப்பதில்லை, ஜனங்களே தேடி வருகிறார்கள். இதனால் மடத்துக்குள் பொறாமையும் உண்டு, நாவலில் அதைப் பார்ப்பீர்கள். மகன் அல்யோஷா இறந்த துக்கத்தில் இருந்த தஸ்தயேவ்ஸ்கி 1878ல் ஓப்தினா மடத்துக்குப் போய் அம்வ்ரோசி என்ற முதியவரைச் சந்தித்தார். அந்தப் பயணம் நாவலில் இறங்கியிருக்கிறது.

ஆர்த்தடாக்ஸ் முறையில் பங்குக் குரு மணமானவராக இருப்பது வழக்கம், ஆயர்கள் துறவிகளிலிருந்துதான் வருவார்கள். கோயிலில் சுரூபம் இருக்காது, படங்கள்தான். புனிதர் ஒருவர் இறந்தால் உடல் அழியாது என்ற எதிர்பார்ப்பு ஜனங்களிடம் பலமாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஏழாம் நூலுக்குப் போங்கள், இல்லையென்றால் அங்கே ஏன் இவ்வளவு கலவரம் என்று விளங்காது.

'மகா விசாரணையாளர்' ஐந்தாம் நூல், ஐந்தாம் அத்தியாயம். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் நடப்பதாக, கரமாஸவ் சகோதரர்களில் ஒருவனான இவான் தன் தம்பிக்குச் சொல்லும் கற்பனை அது. தஸ்தயேவ்ஸ்கிக்கு ரோமைத் திருச்சபை மீது கடுமையான விமர்சனம் இருந்தது உண்மை. ஆனால் நாவலில் பேசுகிறவன் இவான், அவனுடைய சண்டை சபையோடு மட்டும் இல்லை. அந்த அத்தியாயத்தைத் தனியாகப் பிய்த்துப் படிக்காதீர்கள். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஐந்து முடியும் வரை ஒரே அமர்வில் படியுங்கள், மூன்றும் ஒரே மேசையில் நடக்கும் ஒரே உரையாடல். அடுத்து வரும் ஆறாம் நூல் சோசிமாவின் வாழ்க்கையும் போதனையும். பிரசங்கம் என்று நினைத்துப் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். இவானுக்கான பதிலாக அதை எழுதினார் ஆசிரியர். வழக்கைக் கேட்டுவிட்டு எதிர்வாதத்தைக் கேட்காமல் எழுந்து போவது நியாயமில்லை.

வெர்ஸ்ட், தெசியாத்தினா, பூத் – இவையெல்லாம் எவ்வளவு?
– விவசாயி, தோவாளை

வெர்ஸ்ட் 1.067 கிலோமீட்டர். கிலோமீட்டர் என்றே நினைத்துக்கொள்ளலாம். தெசியாத்தினா ஏறத்தாழ 2.7 ஏக்கர், நம் பேச்சில் 270 சென்ட். பூத் 16.38 கிலோ. ஒரு ரூபிள் 100 கோபெக். நிலத்தை 'ஆத்மா' கணக்கில் சொன்னால் அது அந்த நிலத்தோடு கட்டுண்ட பண்ணையடிமை ஆண்களின் எண்ணிக்கை. பண்ணையடிமை முறை 1861ல் ஒழிந்தது. கதை அதற்கு முன்பா பின்பா என்று பார்த்துக்கொண்டால் கூலிச் சண்டைகள் புரியும். லெவின் பிந்தியவர், ரஸ்தோவ் முந்தியவர். தேதிகளும் ஒத்துவராது. 1918 வரை ரஷ்யாவில் பழைய நாட்காட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது 12 நாள் பின்தங்கியிருந்தது. பொரோதினோ போர் அங்கே ஆகஸ்ட் 26, நமக்குச் செப்டம்பர் 7. நாவலில் ஒரு தேதியும் வரலாற்றுப் புத்தகத்தில் இன்னொரு தேதியும் இருந்தால் அச்சுப்பிழை என்று கடிதம் எழுத வேண்டாம்.

முன்னுரையை முதலில் படிக்கலாமா?
– பூதப்பாண்டி வாசகர்

மொழிபெயர்ப்பாளர் குறிப்பை மட்டும். அறிஞர்களின் முன்னுரை கடைசிப் பக்கத்துச் சாவை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும்.

எடவப்பாதி மழை தொடங்கினால் புத்தகம் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. ஆயிரம் பக்கப் புத்தகத்தின் முதுகும் படிப்பதற்குள் பிளந்துவிடுகிறது.
– திற்பரப்பு வாசகி

முதுகு பிளப்பது பசை ஒட்டின புத்தகத்தை எடுத்தவுடன் நடுவில் விரித்து அழுத்துவதால். புதுப் புத்தகத்தை மேசையில் முதுகு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். முன்னட்டையைச் சாய்த்து வையுங்கள், பிறகு பின்னட்டையை. பிறகு முன்பக்கம் இருபது தாள், பின்பக்கம் இருபது தாள் என்று மாறிமாறிச் சாய்த்து, உள்மடிப்பை விரலால் மெல்ல நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஒருமுறை செய்தால் போதும். படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பிடித்துப் படித்தால் இதெல்லாம் செய்தும் பயனில்லை, மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்துப் படியுங்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் சுவரோடு ஒட்டிய அலமாரியில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பாலித்தீன் உறையில் இறுகக் கட்டுவது தவறு, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் இன்னும் வேகமாக வரும். பூத்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது பக்கமெல்லாம் பரவும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, நிழலில் காற்றோட்டமாக வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு, வெளியில் கொண்டுபோய் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். நனைந்த புத்தகத்தை மின்விசிறிக்குக் கீழே பக்கங்களை விசிறிபோல விரித்து நிறுத்துங்கள், இருபது தாளுக்கு ஒன்றாக வெள்ளைத்தாள் செருகலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெயிலில் போட்டால் தாள் வளையும். வேப்பிலை வைப்பதானால் சருகாகக் காய்ந்ததை வையுங்கள், பச்சை இலை கறை பிடிக்கும்.

ஐந்து பேர் சேர்ந்து 'அன்னா கரீனினா' படிக்கப் போகிறோம். ஒருவரிடம் நூலகப் பிரதி, இருவரிடம் வேறு வேறு தமிழ்ப் பதிப்பு, மற்ற இருவர் கைப்பேசியில் ஆங்கிலம். எப்படி நடத்துவது?
– நண்பர் குழு, திங்கள்சந்தை

வாரம் ஒரு பாகம் என்று வைத்தால் எட்டு வாரம். முப்பது அத்தியாயம் ஒரு வாரத்துக்கு அதிகம் என்று தோன்றினால் பாகத்தை இரண்டாக வெட்டிப் பதினாறு வாரமாக்குங்கள், அது இன்னும் வசதி. பக்க எண்ணைச் சொல்லிப் பேசாதீர்கள், உங்கள் நான்கு பதிப்பிலும் அது நான்காக இருக்கும். 'இரண்டாம் பாகம், இருபத்தைந்து' என்றால் எல்லாருக்கும் குதிரைப் பந்தயம்தான். பெயர்களின் எழுத்தும் ஒவ்வொரு பதிப்பிலும் வேறுபடும் என்பதால், முதல் கூட்டத்திலேயே ஐந்து பேரும் பெயர்த் தாளைச் சேர்ந்து எழுதி ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஓடிவிட்டவர் அந்த வாரப் பகுதியைத் தாண்டிப் பேசக் கூடாது, இதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட வேண்டும். நூலகப் பிரதி வைத்திருப்பவர் திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு முன்பே போய்ப் புதுப்பித்துக்கொள்ளட்டும். வேறு யாராவது அதைக் கேட்டு வைத்திருந்தால் அவரையும் ஆறாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.